வேலியில் தொங்கிய சப்பாத்து

எங்கள் காற்பந்துக் குழு வரிசையாக ஐந்து ஆட்டங்களில் தோற்றபோது, ஐந்துக்கும் காரணம் ஒரே ஆள்தான் என்று எங்கள் ஊர் பீடோங்கில் முடிவு கட்டிவிட்டார்கள். எட்டாம் நம்பர். நடுத்திடலில் நின்று பந்தை வாங்கி, யாருக்கு எப்போது போக வேண்டும் என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பது அவன் வேலை. அவனுக்குக் கண் முதுகிலும் உண்டு என்று இரண்டு வருடம் கொண்டாடியவர்கள் நாங்கள். அந்தப் பருவத்தில் அவன் தட்டிவிட்ட பந்தெல்லாம் நேராக எதிராளி காலடியில் போய் நின்றது.

நான் வீடு வீடாகக் கேஸ் தோங், அதாவது சமையல் கேஸ் உருளை, போடுகிறவன். காலையில் லோரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பீடோங், சுங்கை லாலாங், அதைத் தாண்டியிருக்கும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து வீடுகள் என்று மதியம்வரை சுற்ற வேண்டும். நடுவில் பத்து மணிக்கு ஓர் அக்காவின் தோசைக் கடையில் நிறுத்துவேன். பசி ஒரு காரணம், பந்துப் பேச்சு பெரிய காரணம். அங்கே எங்களுக்கென்று ஒரு மேசை உண்டு. முன்பு டாக்சி ஓட்டி இப்போது போனில் ஆள் பிடித்துக் காடி ஓட்டும் ஒருவர் வருவார். வண்டி மாறினாலும் அவரை டாக்சிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் வருவார். அதிகம் பேச மாட்டார். அவர் பேசாத பேச்சையும் சேர்த்து நான் பேசுவேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. கோபம் வந்தால் கேஸ் தோங்கைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்வேன் என்று என் மனைவி சொல்வாள். தொழிலை வைத்துத் திட்டுகிறாளே என்று முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை.

எட்டாம் நம்பர் விஷயத்தில் மேசை இரண்டாகப் பிரிந்துகிடந்தது. ஒரு பக்கம் டாக்சிக்காரரும், பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டே எங்கள் மேசைக்கு நியாயம் சொல்ல வருகிற மற்ற எல்லாரும். இன்னொரு பக்கம் நான் மட்டும்.

"இன்னும் எத்தன மேட்ச்சுலா அவனுக்கு டைம் குடுக்கறது?" என்று ஆரம்பிப்பார் டாக்சிக்காரர். "கோழி முட்ட போடுற வரைக்கும் காத்திருக்கலாம். சேவல் முட்ட போடட்டும்னு காத்திருக்க முடியுமா?"

"யானைக்கும் அடி சறுக்கும்" என்பேன் நான்.

"யானைக்கு ஒருதரம் சறுக்கும் அண்ணே. இவனுக்கு வாரா வாரம் சறுக்குது."

"புல்லு சரியில்ல. போன மேட்ச்சுல பாடாங் பூரா தண்ணி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்கு ஆதரவாகப் பேசியது கடைக்கார அக்கா மட்டும்தான். அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. "முப்பது வருசமா ஊத்துற எனக்கே சில நாளு தோச கல்லுல ஒட்டிக்குது. அதுக்குன்னு கடைய மூடிட்டுப் போயிடுறனா?" என்று அடுப்புப் பக்கமிருந்தே கேட்டார். டாக்சிக்காரர் ஒட்டிய தோசையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு தட்டில் இருந்ததைப் பார்த்து அடங்கிவிட்டார்.

எங்கள் குழு பெரிய குழு இல்லை. கெடா மாநில அளவில் கீழ் வரிசையில் ஆடுகிறது. இதை நடத்துவது சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே. ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு அவருடைய கிடங்கில்தான் வேலை. காலையில் நாற்காலி, அலமாரி அடுக்குவார்கள், மாலையில் பயிற்சிக்குப் போவார்கள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குழுப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை கிடங்கில் வேலை இருக்கும். பட்டியலில் பெயர் போனால் அந்த மாதத்தோடு வேலையும் போகும். எட்டாம் நம்பருக்கு வயது இருபத்தாறு. அப்பா இல்லை. சுங்கை லாலாங்கில் செம்பனை ஓரமாக ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் அவனும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் அவனைத் தூக்க வேண்டும், வைக்க வேண்டும் என்று தோசை தின்றுகொண்டே பேசினோம்.

அட்டெண்டன் அண்ணன் ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தார். "அவன் திரும்பறதக் கவனிச்சீங்களா? எப்பவும் எடது பக்கமே திரும்புறான். வலது முட்டியில வெயிட்டப் போட மாட்டேங்கிறான். அடி பட்டிருக்கு."

"நீங்க ஸ்ட்ரெச்சர் தள்ளுனவரு அண்ணே. டாக்டர் மாதிரி பேசாதீங்க" என்றேன்.

மேசையே சிரித்தது. அவர் தேத்தண்ணியைக் கலக்க ஆரம்பித்துவிட்டார். முட்டியில் அடி என்று ஒப்புக்கொண்டால் அவனை உட்கார வைத்துவிடுவார்கள், என் பக்கம் தோற்றுவிடும். அவ்வளவுதான் என் கணக்கு. அவனுக்காக வாதாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் வாதத்துக்காக வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறாவது ஆட்டம் அலோர் ஸ்டாரில். ஒரு வேனில் பத்துப் பேர் சேர்ந்து போனோம். மதிய வெயில் இன்னும் தணியவில்லை. பாதி ஆட்டத்துக்கு முன்பே அவன் தட்டிய பந்து ஒன்று நேராக அவர்கள் முன்னணி ஆட்டக்காரனிடம் போய், அடுத்த நொடி எங்கள் வலைக்குள் விழுந்தது. எங்கள் பக்கத்திலிருந்தே "துக்கார், துக்கார்" என்று சத்தம் எழுந்தது. ஆளை மாற்று என்று அர்த்தம். சொந்த ஆட்களே கத்துகிறார்களே என்று எதிர்ப்பக்கத்து ரசிகர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து நின்று எங்கள் ஆட்களைப் பார்த்துத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. வேனில் திரும்பும்போது யாரும் என்னோடு பேசவில்லை.

கிளம்புவதற்கு முன் வேலி ஓரமாகப் போய் அவனைக் கூப்பிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னா தம்பி, தலவலியா?"

"ஆமாண்ணே" என்றான்.

"நீ எதையும் காதுல போட்டுக்காத. உனக்கு டைம் வேணும், அவ்ளோதான். நான் இருக்கேன். நீ ஆடு."

எழுந்து வேலிக்கு வந்தான். நடை கொஞ்சம் இழுத்தது. தோற்ற களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். "எல்லாரும் துக்கார்னு கத்தறப்ப உங்க சத்தம் மட்டும் தனியாக் கேட்டுச்சுண்ணே" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுங்கை லாலாங் பக்கம் தோங் இறக்க வேண்டியிருந்தது. அவன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது வேலிக் கதவைப் பார்த்தேன். அவனுடைய காற்பந்துச் சப்பாத்து ஜோடி, கயிறு ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக் கதவின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பச்சைச் சப்பாத்து. அவன் நன்றாக ஆடிய காலத்தில் போட்டது. ஊரில் எல்லாருக்கும் அடையாளம் தெரியும்.

மலாய்க்காரர்கள் ஓர் ஆட்டக்காரன் ஓய்வு பெற்றால் "கந்தோங் காசுட்" என்பார்கள். சப்பாத்தைத் தொங்கவிட்டுவிட்டான் என்று அர்த்தம். நாங்களும் அப்படியேதான் சொல்கிறோம். ஐம்பது வயதில் கோயில் கமிட்டியை விட்டு விலகினவரைக்கூட கந்தோங் காசுட் என்று கேலி செய்வோம். ஆனால் அது பேச்சு. உண்மையிலேயே ஒருவன் தன் வீட்டு வேலியில் தொங்கவிட்டு நான் பார்த்ததில்லை.

ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை. கதவில் பூட்டு தொங்கியது. போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஒன்றரை மாதம் ஊரெல்லாம் பகைத்துக்கொண்டு, வேனில் பேச்சுத் துணை இல்லாமல் வந்து, இவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். முந்தின நாள் வேலியில் நின்று அவ்வளவு பேசினானே, ஒரு வார்த்தை சொன்னானா? ஊருக்கே தெரியட்டும் என்று வாசலில் தொங்கவிட்டிருக்கிறான், எனக்கு மட்டும் சொல்லவில்லை. நான் என்ன முட்டாளா? இந்தக் கேள்வியை அன்றைக்கு மனதுக்குள் நாலைந்து தடவை கேட்டுக்கொண்டேன். பதில் இப்போது தெரியும்.

லோரியை விட்டு இறங்கவில்லை. இஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. சன்னல் வழியாகப் போனை நீட்டி ஒரு படம் எடுத்தேன். குழுவின் வாட்ஸாப்பில் போட்டேன். அதில் மெனெஜர், கோச், ஆட்டக்காரர்கள், எங்களைப் போன்ற வெட்டி ரசிகர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். படத்துக்குக் கீழே எழுதினேன்: "எங்கள் எட்டாம் நம்பர் கந்தோங் காசுட். இனி யாரும் அவரைத் திட்ட வேண்டாம். இரண்டு வருடம் எங்களுக்கு நல்ல பந்து காட்டினார். நன்றி தம்பி."

உள்ளே அவ்வளவு கொதிப்பு இருந்தும் எழுத்தில் ஒரு மரியாதை வந்துவிட்டது. பெரிய மனுஷனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. வாயில் வந்ததைத் திட்டி எழுதியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எவனோ கோபத்தில் உளறுகிறான் என்று விட்டிருப்பார்கள்.

அடுத்த வீட்டில் தோங்கை இறக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. கை கூப்பிய படங்கள், அழுகிற முகங்கள். முந்தின நாள் துக்கார் என்று கத்தியவர்களே அவன் போட்ட கோல்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார்கள். டாக்சிக்காரர் "இவன் மாதிரி இனி ஒருத்தன் வர முடியாது" என்று போட்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு இரங்கல் எழுதிக்கொண்டிருந்தோம். மெனெஜர் மலாயில் நீளமாக நன்றி சொல்லி, அவனுடைய சேவையைக் குழு மறக்காது என்று எழுதினார். அப்படியானால் மெனெஜருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். மெனெஜரோ என் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நான் சொன்னதை அவர் நம்பினார், அவர் நம்பியதைப் பார்த்து நான் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அவனிடமிருந்து வெகுநேரம் பதில் இல்லை. மத்தியானம் போல் கை கூப்பிய படம் ஒன்று மட்டும் வந்தது. ஒரு எழுத்துக்கூட இல்லை. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த வாரம் புதிதாக ஒருவன் எட்டாம் நம்பரில் இறங்கினான். மூன்று கோலில் தோற்றோம். அடுத்ததிலும் தோற்றோம். டாக்சிக்காரர் இப்போது கோச்சைத் தூக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். நான் கடையில் வழக்கம்போல் தின்றேன், பேசினேன். அவனை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அவன்தான் வந்து என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற முறுக்கு விடவில்லை.

ஒரு மாதம் கழித்து சுங்கை லாலாங்கில் அவன் அம்மா ரோட்டோரம் நின்று கையைக் காட்டி லோரியை நிறுத்தினார். கேஸ் தீர்ந்துவிட்டதாம். தோங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். சப்பாத்து இன்னும் வேலிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போயிருந்தது.

"இத இன்னும் எடுக்கலயாக்கா?" என்றேன்.

"அதுபாட்டுக்கு இருக்கட்டும் தம்பி. கண்ணு கழிக்கக் கட்டுனது. அவுக்கக் கூடாது."

தோங் என் தோளில் இருந்தது. இறக்கி வைக்க மறந்து நின்றேன்.

"போற எடமெல்லாம் எம்புள்ளயப் பத்தியே பேசுறாங்க. கோயிலுக்குப் போனா அங்கயும் அதே பேச்சு, பாசார்லயும் அதே பேச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. அதான் அவன் பழைய சப்பாத்த எடுத்துக் கட்டுனேன். ஒத்தையாத்தான் கட்டணும். கயிறு ரெண்டும் முடிஞ்சு கெடந்துச்சு, பிரிக்க வரல. ஜோடியாவே கட்டிட்டு அவனக் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டேன்." வேலிக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "கண்ணு கழியலயே தம்பி. கட்டுன அன்னிக்கே வேலையும் போச்சு, பந்தும் போச்சு."

தோங்கை மாட்டிக் கொடுத்துவிட்டு லோரியில் ஏறி, ஒரு வளைவு தாண்டி நிறுத்தினேன். போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு சப்பாத்துக்கும் நடுவில், அதே கயிற்றில், ஓர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாய்களும் தெளிவாகத் தெரிந்தன. வெயில் நேராக அதன்மேல்தான் விழுந்திருந்தது. அந்த வாட்ஸாப்பில் இருந்த தமிழர்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எல்லாரும் பந்து பைத்தியங்கள். சப்பாத்தைப் பார்த்தோம், மலாயில் படித்தோம்.

இறங்கி லோரியின் முன்பக்கம் போய் நின்றேன். என் லோரியின் பம்பருக்குக் கீழே ஒரு பழைய சிலிப்பரும் எலுமிச்சம்பழமும் கட்டியிருக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மனைவி மாற்றிக் கட்டுவாள். அந்தச் சிலிப்பரைச் சுமந்துகொண்டு போன லோரியில் உட்கார்ந்துதான் அந்தப் படத்தை எடுத்திருக்கிறேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துச் சொல்லும்போதெல்லாம் அடுத்தவனைச் சொல்கிறார்கள் என்றே நினைத்திருக்கிறேன்.

அன்றைக்கே மெனெஜரைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மலாய்க்காரர், நல்ல மனிதர். எலுமிச்சம்பழ விஷயத்தை இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார். ஆனால் பருவத்தின் நடுவில் கொடுக்க வேண்டிய ஆட்டக்காரர் பட்டியலை அனுப்பியாகிவிட்டது, அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது, கிடங்கிலும் ஆள் போட்டாகிவிட்டது. "அவரே கை கூப்பினாரே. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனே" என்றார். அதுதான் எனக்கும் புரியவில்லை. அவன் ஏன் இல்லை என்று சொல்லவில்லை?

அட்டெண்டன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அன்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அவன் வேலைக்குப் போயி பண்டார் பாருவுல இருக்கானாம். நேர்ல போயி சொல்லிட்டு வந்துரு. போன்ல சொல்லாத" என்றார். அவ்வளவுதான்.

பண்டார் பாரு எங்கள் பக்கத்திலிருந்து தூரம். கெடாவின் தென்கோடி, ஆற்றைத் தாண்டினால் பேராக். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காடியை எடுத்துக்கொண்டு போனேன். வழி நெடுக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "தம்பி, யாரும் எனக்குச் சொல்லல. நானா பாத்தேன், நானா கோவப்பட்டேன், நானா போட்டேன். என்ன மன்னிச்சிரு." கூலிம் தாண்டுவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

அவன் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கண்ட்ராக் கூலியாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. குலை வெட்டுகிறவர்களோடு இருப்பான் என்று நினைத்துத் தேடினேன். குலை தூக்க முட்டி இடம் கொடுக்காது என்று உதிரிப் பழம் பொறுக்கப் போட்டிருந்தார்கள். மரத்தடி மரத்தடியாகக் குந்தி, விழுந்த பழங்களைச் சாக்கில் போடுகிற வேலை. அவனோடு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வயதான பெண்கள். வலது காலை மடக்க முடியாமல் நீட்டிவைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து பொறுக்கினான்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணே, இவ்ளோ தூரமா? என்னைப் பாக்கவா?"

மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முட்டியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவனே சொன்னான்.

"பருவம் ஆரம்பிச்சப்பவே அடிண்ணே. ஆறு வாரம் ரெஸ்ட் எடுத்தா தேறிடும்னு டாக்டரு சொன்னாரு. எம்சி லெட்டரெல்லாம் குடுத்தாரு. உக்காந்தா பேரத் தூக்கிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு மாத்தர போட்டுப் போட்டே ஆடுனேன். அலோர் ஸ்டார் மேட்ச்சுக்கப்புறம் முடியல. திங்கக்கெழம கோச்சுக்கிட்ட லெட்டரக் குடுத்து டைம் கேக்கலாம்னு இருந்தேன். லெட்டரு பேக்கில வெச்சாச்சு. ஞாயித்துக்கெழம நீங்க போட்டுட்டீங்க."

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி."

"வேற யாரு போட்டிருந்தாலும் சொல்லிருப்பேண்ணே. சண்டையே போட்டிருப்பேன். அம்மா கட்டுனதுலா அதுன்னு. ஆனா போட்டது நீங்களாச்சே." கையிலிருந்த பழங்களைச் சாக்கில் போட்டான். "ஊரே எனக்கு டைம் குடுக்கக் கூடாதுன்னு சொன்னப்ப குடுக்கணும்னு சொன்னவரு நீங்க. நீங்களே நன்றி தம்பின்னு எழுதறீங்கன்னா, உள்ளுக்குள்ள முடிவாயிருச்சுன்னு புரிஞ்சிக்கிட்டேன். அவங்க தூக்கறதுக்கு முன்னாடி நானே வெலகுன மாதிரி இருக்கட்டும், எனக்கு அவமானம் வேணாம்னுதான் அந்தச் சப்பாத்த வெச்சு நல்லபடியா முடிச்சு வெச்சீங்க. அப்புறம் நான் லெட்டரத் தூக்கிக்கிட்டுப் போயி கெஞ்சினா உங்களுக்கில்ல அசிங்கம்?"

நான் வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்த வாக்கியம் முழுதாக அப்படியே நாக்கில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேண்ணே" என்றான். "உங்களுக்கு யாரு சொன்னது? கோச்சா, மெனெஜரா? கோச்சு சொல்லியிருக்க மாட்டாருன்னுதான் மனசு சொல்லுது. ஆனா தெரியாம இருக்கறது ஒரு மாதிரியா இருக்கு."

பக்கத்து மரத்தடியில் ஒரு கிழவி பொறுக்குவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என் முகத்தையே பார்த்தபடி நின்றான். கோபம் துளிகூட இல்லை. அந்தப் பார்வையை ஒரு நொடிக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மெனெஜர்தான்" என்றேன்.

"நெனச்சேன்" என்றான். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. "கோச்சு இல்லன்னா சரிண்ணே. போதும்." பிறகு மரத்தடியில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, அதன் வாயைச் சட்டை ஓரத்தால் துடைத்து என்னிடம் நீட்டினான். தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், முதலில் நீங்கள் குடியுங்கள் என்றான். வாங்கிக் குடித்தேன்.